ஒரே நாளில் என் மகளுக்கு இரண்டு கலியாணம்

எனக்கும் என் மனைவிக்கும் கலியாணம் நடந்தது என்பதற்கு இப்போது மிஞ்சியிருக்கும் சாட்சி பதிவுத் துண்டும் எங்கள் பிள்ளைகளும் மட்டும்தான். படம் ஒன்றுகூட இல்லை. சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டியிருந்த எங்கள் பழைய வீட்டோடு அல்பமும் சுனாமியில் போய்விட்டது. கலியாணத்தன்று அவள் உடுத்திருந்தது நீலச் சாரி என்று அவள் சொல்வாள். பச்சை என்பது என் கட்சி. தீர்த்துவைக்கப் படம் இல்லாததால் இந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

நாங்கள் எல்லோரும் உயிரோடு தப்பினோம். அதனாலேயே அல்பத்தைப் பற்றி வாய்விட்டுக் கவலைப்பட அவளுக்கு வெட்கம். அடுத்த வீட்டு வளவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கும்போது, படத்தைப் பறிகொடுத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? இத்தனை வருடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, மூத்த மகளுக்குக் கலியாணம் சரிவந்த அன்றுதான் சொன்னாள்.

"எனக்கு சாரியும் வேணா, நகையும் வேணா. புள்ளட கலியாணப் படம் அழியாத ஒரு இடத்துல இரிக்கணும். வீட்டுக்குள்ள வைக்கிற அல்பத்த நான் நம்ப மாட்டன். வீடு எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும்."

"அதுக்கென்ன, இப்ப எல்லாம் இன்டர்நெட்டுலதான். வாற ஆக்களும் பாக்கலாம், வெளிநாட்டுல இரிக்கிறவங்களும் பாக்கலாம்" என்றேன் நான், அதில் எல்லாம் கரை கண்டவன்போல.

"ஆரு பாக்கலாம்?" என்று உள் அறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

அவள் வெளியே வந்து நின்ற விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. மகள் பாடசாலை ஆசிரியை. அவளோடு படிப்பிக்கும் ஒரு பிள்ளையின் கலியாணத்தில், பெண்கள் பக்கத்தில் எடுத்த படம் யாரோ ஒருத்தியின் போனிலிருந்து இன்னொருத்தியின் போனுக்குப் போய், அங்கிருந்து அவளுடைய புருசனின் போனுக்குப் போய், கடைசியில் முக அலங்காரம் செய்யும் கடையொன்றின் இணையப் பக்கத்தில் விளம்பரமாக வந்துவிட்டது. தலையை மூடாமல் மணப்பெண் கோலத்தில் நின்ற பிள்ளையை ஊரில் உள்ள ஆம்பிளைகள் எல்லோரும் பார்த்து முடிந்த பிறகுதான் அவளுக்குத் தகவல் வந்தது. அதிலிருந்து மகளுக்குக் கெமரா என்றாலே பாம்பைக் கண்டமாதிரி.

"பொண்டுகள் பக்கம் படமே வேணா வாப்பா. கேட்டுலயே எல்லாரிட போனையும் வாங்கி வைப்பம்."

"அப்ப எனக்கு?" என்றாள் மனைவி. அவ்வளவுதான் கேட்டாள். அடுப்படிக் குசினிக்குள் போய்விட்டாள்.

மகள் கொஞ்ச நேரம் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள். "சரி. ஆம்புள ஒருத்தன்ட கண்ணும் படாத இடம் ஒண்டு இன்டர்நெட்டுல இரிந்தா கண்டுபுடிச்சுக் காட்டுங்க. நான் சோதிச்சுப் பாத்து சரியெண்டா உம்மா ஆசப்பட்ட மாதிரி எடுப்பம். இல்லாட்டி கெமராக்கார ஆள வரவே வேணா எண்டு சொல்லிருவன்."

"நான் தேடுறன்" என்றேன்.

"நீங்களா?" என்றாள் மகள். குசினிக்குள்ளிருந்தும் அதே கேள்வி அதே நேரத்தில் வந்தது.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் மௌத்துச் செய்தி அறிவிக்க ஒரு குரூப் இருக்கிறது. கூட்டாளிமாருக்கு அனுப்ப வேண்டிய ஒரு வீடியோவை, ஆடு ஒன்று சைக்கிளில் ஏற எத்தனிக்கும் வீடியோவை, நான் அந்தக் குரூப்பில் போட்டவன். அதுவும் ஒரு மனிதர் காலமான அறிவித்தலுக்கு நேர் கீழே. ஜனாஸாவுக்குப் போன இடத்தில் அவருடைய மகனே என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு, "ஆடு கடைசியா ஏறினதா காக்கா?" என்று கேட்டார். அப்படிப்பட்ட ஒருவன் கையில்தான் ஊர்ப் பெண்களின் மானமும் மனைவியின் ஆசையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கலியாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

எனக்குக் கல்முனையில் தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கும் கடை. பில் அடிக்கும் கணினியில் தேடத் தொடங்கினேன். தேடப் போனபோதுதான் தெரிந்தது, கலியாணப் படத்தை விருந்தாளிகளோடு பகிர்வதற்கென்றே உலகத்தில் எத்தனை கொம்பனிகள் இருக்கின்றன என்று. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால், முதல் நாளே எனக்கு வந்த வேலை மறந்துபோய் வேடிக்கை விடுப்பு பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரு கொம்பனி, கலியாணத்துக்குத் தேவையான தலைப்புகளை எல்லாம் தானே போட்டு வைத்திருந்தது. நாம் படத்தை அந்தந்தத் தலைப்புக்குக் கீழ் போட்டால் சரி. தேவாலயம், மதுக் கோப்பைகள், கேக் வெட்டுதல், முதல் நடனம். அதற்குப் பிறகு தகப்பனும் மகளும் ஆடும் நடனம் என்று இன்னொன்று. அந்தத் தலைப்பை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் ஒருவர் வந்து, "காக்கா, முக்கால் இஞ்சி டெப் இரிக்கா?" என்றார்.

"இரிக்கு. கொஞ்சம் பொறுங்க. நான் மகளோட ஆடுறயா எண்டு கேக்கான்."

"ஆரு கேக்கான்?"

"கொம்பியூட்டரு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் டெப்பை வாங்கிக்கொண்டு மிச்சக் காசைக்கூட எண்ணாமல் போனார்.

இன்னொரு கொம்பனி ஒவ்வொரு மேசையிலும் வைப்பதற்கு கியூஆர் அட்டை அனுப்பும். சாப்பிட்டுக்கொண்டே விருந்தாளிகள் அதைப் போன் கெமராவால் எடுத்துப் படங்களைப் பார்க்கலாம். எங்கள் ஆட்கள் பாயில் ஆறு பேராக இருந்து, நடுவில் வைத்த ஒரே சகன் தட்டில் கைபோட்டுச் சாப்பிடுகிறவர்கள். அட்டையை எங்கே வைப்பது? சோற்றில் குத்தியா? எடுத்தாலும், இறைச்சிக் குழம்புக் கையால் எந்தப் போனை அமத்துவது? ஆறு பேரில் ஒருவர் போனைப் பார்த்தால் அவர் பங்கு இறைச்சி மற்ற ஐந்து பேருக்கும் போய்விடும் என்பதை அந்தக் கொம்பனி யோசித்ததாகத் தெரியவில்லை.

எல்லாக் கொம்பனிகளிலும் நான் முதலில் தேடியது மனைவி கேட்டதைத்தான்: எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? சில இடங்களில் மூன்று மாதம். சில இடங்களில் ஒரு வருடம். ஒரு இடத்தில் 'என்றென்றைக்கும்' என்று எழுதியிருந்தது. சந்தோசமாக அந்தக் கொம்பனியின் வரலாற்றைப் படித்தேன். அது தொடங்கியே ஒன்றரை வருடம்தான்.

கடைசியில் ஒன்று மனதுக்குப் பிடித்தது. வருடக் கணக்கு நடந்துவரும் கொம்பனி. படங்களை நாம் அழிக்கும்வரை அழிக்கமாட்டார்கள். அல்பத்துக்குப் பூட்டும் போடலாம். அதோடு ஒரு வித்தை இருந்தது. விருந்தாளி தன் முகத்தை ஒரு செல்ஃபி எடுத்துக் கொடுத்தால், ஆயிரம் படத்துக்குள்ளிருந்து அவர் இருக்கும் படங்களை மட்டும் அது பொறுக்கித் தரும். இதைப் படித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் கலியாணங்களில் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. தன் படத்தைத் தானே தேடி எடுக்க முடியாது.

அன்று பின்னேரமே வீட்டில் பரீட்சை. என் ராத்தாவும் வந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மூத்த சகோதரி. கலியாண வேலை என்றால் என் மனைவிக்கு வலக் கை அவள்தான். பெண் பார்க்க வந்த நாளில் வீட்டுக்குள் எடுத்த படங்கள் மகளின் போனில் இருந்தன. மனைவி, மகள், ராத்தா மட்டும் இருக்கும் படங்கள், அதாவது நான் பார்க்கக்கூடியவை. அவற்றை 'பெண்கள்' என்ற அல்பத்தில் போட்டு மகளே பூட்டினாள். பூட்டின் இலக்கத்தை எனக்குச் சொல்லவில்லை. என் கடைப் படங்கள் சிலதை 'ஆண்கள்' அல்பத்தில் போட்டோம்.

"இப்ப நான் விருந்தாளி" என்று சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றி, ஸலாம் சொல்லி உள்ளே வந்தேன்.

"வாப்பா, போனுக்கு நீங்க வந்த விசயம் விளங்காது. செல்ஃபிய எடுங்க."

எடுத்தேன். வட்டம் ஒன்று சுழன்றது. பிறகு, உங்களைப் பதினான்கு படங்களில் கண்டுபிடித்தோம் என்று சந்தோசமாகச் செய்தி வந்தது. நான் கொடுத்த கடைப் படங்களோ மொத்தம் மூன்றுதான். மிச்சம் பதினொன்றிலும் முக்காடு போட்டுக்கொண்டு நான் இருந்தேன். ஒன்றில் வட்டலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில் மகளுக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவிதான் முதலில் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். "ராத்தா, இஞ்ச வாங்க. இவருக்கும் உங்களுக்கும் ஒரு மூஞ்சி எண்டு கொம்பனியே சொல்லிட்டு."

ராத்தா போனை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு இவன்ட மூஞ்சா? இந்தக் கொம்பனி உருப்படாது. நான் அந்தக் காலத்துல எப்புடி இரிந்தன் எண்டு ஊருக்கே தெரியும்."

"எனக்கும் ராத்தா மாதிரி வடிவு எண்டு இப்பதான் தெரியும்" என்றேன்.

"வாயப் பொத்து. தாடி வளக்கச் சொல்லி எத்தின தரம் சொன்னன்? வளத்திரிந்தா இந்த மானக்கேடு வந்திரிக்காது."

சிரிக்காத இன்னொருத்தி மகள். அவள் போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "வாப்பா, விளங்குதா? அல்பத்துக்குத்தான் பூட்டு. இந்தச் சாமான் பூட்டின அறைக்குள்ளயும் போய்த் தேடிட்டு வருது. நீங்க உங்கட மூஞ்சக் காட்டினீங்க, உள்ளுக்குள்ள இரிந்த மாமியக் கூட்டி வந்து தந்திரிக்கு. கலியாணத்தண்டு வாற ஒவ்வொரு ஆம்புளைக்கும் ராத்தா இரிக்கு, தங்கச்சி இரிக்கு, சாச்சிட மகள் இரிக்கு. எல்லாம் ஒரே குடும்பம், ஒரே மூக்கு."

மனைவியின் சிரிப்பு நின்ற இடத்தில் நின்றது. மகள் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. மச்சான் மச்சினிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் செய்துவந்த எங்களிடம், ஒரு முகத்தைக் கொடுத்தால் அரை ஊர் வரும்.

"அப்ப வேணா. விட்டுருவம்" என்றாள் மனைவி. அதை அவள் சாதாரணமாகச் சொல்லப் பார்த்தாள். நீலச் சாரியா பச்சைச் சாரியா என்று சண்டை பிடிக்கும்போது வரும் குரல் அதில் இல்லை.

அடுத்த நாள் கடையில் இருந்துகொண்டு நான் அந்தக் கொம்பனிக்கு எழுதினேன். எனக்கு ஆங்கிலம் பைப்புச் சாமான் பெட்டிகளில் உள்ள அளவுக்குத்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு பெரிய விசயத்தை விளக்க வேண்டியிருந்தது. எங்கள் கலியாணத்தில் ஆண்கள் வேறு, பெண்கள் வேறு. ஆண்கள் படத்தைப் பெண்கள் பார்த்தால் பரவாயில்லை. பெண்கள் படத்தை ஆண்கள் பார்க்கக் கூடாது. உங்கள் இயந்திரம் என்னை என் சகோதரி என்று நினைக்கிறது, தயவுசெய்து உதவவும். திருப்பி வாசித்தபோது, உதவி தேவைப்படுவது எனக்குத்தான் என்று தோன்றியது. ஆனாலும் அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. எழுதியது ஒரு பெண். எந்த நாடு என்று தெரியாது. வாழ்த்துச் சொல்லிவிட்டு, எனக்கு மிகவும் ஆர்வமாக இருக்கிறது, ஒன்று கேட்கலாமா என்று கேட்டாள். ஆண்கள் எங்கே இருப்பார்கள்?

பள்ளிவாசலில் நிக்காஹ், பிறகு வீதிக்கு அந்தப் பக்கம் உள்ள மண்டபத்தில் சாப்பாடு என்று எழுதினேன்.

பெண்கள்?

என் வீட்டில்.

மணமகன்?

ஆண்களோடு.

மணமகள்?

பெண்களோடு.

பிறகு வந்தது: அவர்கள் இருவரும் எப்போது சந்திப்பார்கள்?

எல்லாம் முடிந்த பிறகு நான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போவேன், அவர் தாலி போடுவார், பத்து நிமிடம் என்று எழுதினேன். எழுதும்போதே எனக்கும் ஒருமாதிரி இருந்தது. அந்தப் பெண் திரும்ப எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். ஐயா, எனக்கு விளங்கின அளவில் உங்களிடம் நடப்பது ஒரு கலியாணம் இல்லை, இரண்டு. எங்கள் தேடல் ஒரு நிகழ்ச்சியைவிட்டு இன்னொரு நிகழ்ச்சிக்குள் போகாது. நீங்கள் ஏன் இரண்டு கலியாணமாகத் திறக்கக் கூடாது?

நான் கணினியை விட்டு எழும்பிக் கடை வாசலில் போய் நின்றேன். ஐம்பது வயது தாண்டிவிட்டது. நூற்றுக்கணக்கான கலியாணத்துக்குப் போயிருக்கிறேன். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்லியிருக்கிறேன். நான் போனதெல்லாம் அரைக் கலியாணம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் குரவையிடும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் மற்ற அரையைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

அன்றிரவே ராத்தாவிடம் கேட்டேன். "கலியாணத்துல நீங்க உள்ளுக்குள்ள இரிந்து என்னதான் செய்ற?"

"உங்களப் போலதான். திங்குற. குற சொல்ற."

"வேற?"

"வேற என்ன? உங்களப் பத்திக் கதைக்கிற."

இரண்டு கலியாணத்தையும் மகளே திறந்தாள். ஒவ்வொன்றுக்கும் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் கட்டாயம் கேட்டது. பெண்கள் கலியாணத்தில் மாப்பிள்ளையின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். ஆண்கள் கலியாணத்தில் தன் பெயர் வர வேண்டிய இடத்திலும் ஒரு புள்ளி. "ரெண்டு புள்ளிக்கும் இடையிலதான் கலியாணம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது.

பிறகு அவள் சோதித்தாள். பாடசாலையில் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துவதுபோலத்தான். ஆண்கள் கலியாணத்தில் என் முகத்தைக் கொடுத்தாள். நான் மட்டும் வந்தேன். என்னைத் திருப்பி நிறுத்தி, பக்கவாட்டில் கொடுத்தாள். தொப்பியோடு கொடுத்தாள். ராத்தாவின் முக்காட்டை என் தலையில் போட்டும் கொடுத்தாள். அதை யாரும் படம் எடுத்து வைக்காமல் இருக்க நான் படாத பாடு பட்டேன். பூட்டிய பக்கத்திலிருந்து ஒரு படமும் வெளியே வரவில்லை. போதாதென்று, பெண்கள் கலியாணத்தின் லிங்க்கை வேறொரு போனில் திறந்து, இலக்கத்தைப் பிழையாக அடித்துப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை.

"சரி" என்றாள் மகள். அவள் அதைத் தாயைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை ஏற்கனவே காய்ந்திருந்தது.

ஆனால் இன்னொரு ஓட்டை இருந்தது. அது நான். கணக்கு என் பெயரில் இருந்ததால் எந்தப் பூட்டும் எனக்குப் பூட்டு இல்லை. மகளை நான் பார்க்கலாம், அவளுடைய கூட்டாளிமாரையும் சம்மந்தி வீட்டுப் பெண்களையும் பார்க்கக் கூடாதே. ஆகவே கணக்கை மனைவிக்கு மாற்றினோம். அவளுக்கு ஈமெயில் இல்லை. புதிதாக ஒன்று திறந்தோம். பாஸ்வேர்ட் போடும் இடம் வந்ததும் அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எனக்காவது சொல்லு. மறந்தா என்ன செய்ற?"

"நான் மறக்க மாட்டன். ஆட்டு வீடியோப் போட்ட ஆளுக்குச் சொல்லேலா."

கதவு இலக்கத்தை எப்படிச் சொல்வது என்று அடுத்த பேச்சு. அழைப்பிதழில் அச்சடித்தால் வீட்டு ஆம்பிளைகளும் வாசிப்பார்கள். ஆம்பிளைகளுக்குத் தெரியவே தெரியாத ஒரு இலக்கம் வேண்டும் என்றாள் மனைவி. ராத்தாவுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. "வட்டலப்பத்துக்கு எத்தின முட்ட? எந்த ஆம்புளைக்குத் தெரியும்?"

"பன்னெண்டு" என்றாள் மனைவி.

"பன்னெண்டா? பத்து."

"பத்து முட்டையில செஞ்சா அது வட்டலப்பமா? சும்மா தேங்காப்பால் கெட்டிச்சது."

"அப்ப இவ்வளவு காலமும் நான் செஞ்சு தந்தத என்னத்துக்குத் திண்டாய்?"

அந்த யோசனையை அங்கேயே கைவிட்டார்கள். மகள் ஒரு இலக்கத்தை வைத்துக்கொண்டாள். எங்களிடம் பெண்களைக் கலியாணத்துக்கு அழைப்பது பெண்கள்தான். மனைவியும் ராத்தாவும் முச்சக்கர வண்டியில் வீடு வீடாகப் போய், உள்ளே இருந்து தேத்தண்ணி குடித்து, கலியாணம் சொல்லிவிட்டு வருவார்கள். அந்தப் பயணத்திலேயே இலக்கத்தையும் காதோடு சொல்லிவிட்டு வந்தார்கள். சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் எத்தனையோ பெண்களுக்கு அது தெரியும். மீன் கொண்டுவரும் மனிசனின் மனைவிக்குத் தெரியும். எனக்கு இன்றுவரை தெரியாது.

கலியாணம் நல்லபடி நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். அதாவது, ஒரு கலியாணம் நல்லபடி நடந்ததை நான் பார்த்தேன். மற்றதும் நல்லபடி நடந்ததாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையை நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன பத்து நிமிடத்தில், உள்ளே முகங்களெல்லாம் மூடப்பட்டிருந்தன. மருதமுனையிலிருந்து வந்த கெமராக்காரப் பிள்ளையும் முகத்தை மூடித்தான் படம் எடுத்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டே போய், நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வழியில் ஒரு மேசைக் காலில் இடித்துக்கொண்டதையும் அந்தப் பிள்ளை எடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

நாலாம் நாள் கெமராக்காரப் பிள்ளை படங்களைக் கொண்டுவந்தாள். கதவைத் திறந்தது நான். அவள் கையை நீட்டவில்லை. "உம்மாட கையிலதான் குடுக்கச் சொல்லிரிக்காங்க" என்றாள். மனைவி வந்து வாங்கினாள். விரல் அளவு பென் டிரைவ். அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

மகளும் மருமகனும் அன்று மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் போயிருந்தார்கள். படங்களை ஏற்றிவிட மகள் வரட்டும் என்றேன். மனைவி கேட்கவில்லை. மகளின் கணினியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். அவளுக்கு வழி சொல்ல ஆள் வேண்டும். வழி தெரிந்த ஆள் திரையைப் பார்க்கக் கூடாது. ஆகவே நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கதிரையில் இருந்தேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒரு பெட்டி."

"அதத் திற. உள்ளுக்குள்ள படமெல்லாம் இரிக்கா?"

"இரிக்கு. திரும்பாதீங்க."

"திரும்பல்ல. எல்லாத்தையும் ஒண்டாத் தெரிவு செய். மறுகா வலப் பக்கத்துல நீலமா ஒரு பொத்தான் இரிக்கும். அத அமத்து."

நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அமத்திட்டியா?"

"இல்ல. இது எங்க போகுது?"

"மேல."

"மேலெண்டா?"

"இன்டர்நெட்டுக்கு."

"அது எங்க இரிக்கு? எங்கயோ ஒரு இடத்துல வைக்கத்தானே வேணும்?"

இத்தனை நாளும் எத்தனை கொம்பனிகளைப் பார்த்தேன், எத்தனை பக்கம் வாசித்தேன். இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. "எங்கயோ ஒரு நாட்டுல பெரிய கட்டடம் ஒண்டு இரிக்குமாம். உள்ளுக்குள்ள றாக்கை றாக்கையா அடுக்கின பெட்டி. அதுக்குள்ளதான்" என்றேன்.

"கடலுக்குக் கிட்டவா?"

வாய்க்கு வந்த பகிடி ஒன்று இருந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். "தெரியா" என்றேன்.

"கேளுங்க."

அவள் பொத்தானை அமத்தவில்லை. கணினியை மூடினாள். நான் என் போனை எடுத்து அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். உங்கள் கட்டடம் கடலுக்குப் பக்கத்திலா? என் மனைவி கேட்கிறாள். ஏன் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. எங்கள் அல்பம் சுனாமியில் போனது என்ற ஒரு வசனத்தை எழுத எனக்கு ஒரு முழு மணித்தியாலம் எடுத்தது. பைப்புச் சாமான் பெட்டிகளில் அந்தச் சொற்கள் எல்லாம் இல்லை.

இந்த முறை பதில் உடனே வரவில்லை. அடுத்த நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தது. இதை இதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை, எனக்கும் தெரியாது, தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தாள். ஒரே படத்தை இரண்டு இடத்தில் வைப்பார்களாம். ஒன்று, எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஒரு நாள் பயணம் உள்ள ஊரில். மற்றது வேறு நாட்டில், மலைக்கு மேல்.

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொன்னேன்.

"ஒரு நாள் பயணம் எண்டா எவ்வளவு? அம்பாறைக்கும் அங்காலயா?"

"அம்பாறை என்னத்துக்கு? மகியங்கனை தாண்டி, கண்டி தாண்டி, அங்கால கொழும்புல கடல் வராம இரிந்தா எப்புடி, அப்புடி."

"மற்ற மல? பதுளை மாதிரியா?"

"அதவிட உசரம் எண்டு நினைக்கன்."

மனதுக்குள் பதுளைக்குப் போய், அங்கிருந்து கீழே பார்த்திருப்பாள்போல. "அப்ப சரி" என்றாள்.

நான் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி இருந்தேன். பின்னால் கணினி திறக்கும் சத்தம் கேட்டது. பொத்தானை அமத்தும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொண்டாப் போகுது" என்றாள்.

"போகட்டும்."

"இது உங்கட ராத்தா. திரும்பாதீங்க, பக்கத்துல வேற ஆக்கள் நிக்காங்க. இது புள்ளட கூட்டாளிமார். இது ஆரெண்டு தெரியல்ல, யாரோ ஒரு புள்ள, வாய் நிறையச் சோறு."

படம் பார்க்காமல் படம் பார்ப்பதும் ஒரு சுகம்தான். பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதப் பாக்கலாம்" என்றாள். "மெதுவாத் திரும்புங்க."

திரும்பினேன். அவள் உள்ளங்கையை விரித்துத் திரையின் வலப் பக்கத்தை முழுக்க மறைத்துப் பிடித்திருந்தாள். யாரோ ஒருத்தியின் வளையல் மட்டும் அவளுடைய சின்ன விரலுக்குப் பக்கத்தில் தெரிந்தது. மறைக்காத பக்கத்தில் மகள் இருந்தாள். மகளை ஒட்டி, கலியாணச் சாரியில், என் மனைவி இருந்தாள்.

"வடிவா இரிக்கா?"

"ஆரு, மகளா?"

"ஆரெண்டாலும்" என்றாள் அவள், கையை எடுக்காமல்.